அகர வரிசையில் அடுக்கிய பதவிகள்

ஜூன் 3, செவ்வாய்

பல் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பல் போனது பெரிதில்லை. காத்திருந்த அறையின் சுவரில் இருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். "செருப்பை வெளியே விடவும்." "சத்தமாகப் பேச வேண்டாம்." பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "எனக்கும் கண்ணு தெரியுது" என்றார். தெரியட்டுமே. எனக்கு இப்போதுதானே தெரிகிறது. எழுபது வயதுக்கு மேல் கண் திறந்தவன் கொஞ்சம் சத்தமாகத்தான் பார்ப்பான்.

வீட்டில் சாப்பாட்டு மேசை இன்னும் மகளிடம்தான் இருக்கிறது. மகள், மாப்பிள்ளை, நான் – மூவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டோம். மேசை முழுக்கச் சீட்டுகள், வரிசை வரிசையாக. ஒரு பழைய தேவாலயத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போடுகிறார்கள். அந்தக் காலத்துக் காகிதங்கள் எல்லாம் போர்த்துகீசிய மொழியில் இருக்கின்றன. அவற்றில் வரும் குருமார்களின் பதவிப் பெயர்களுக்குச் சரியான ஆங்கிலப் பெயர் கண்டுபிடிப்பது மகளின் வேலை. ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு. மேலே போர்த்துகீசியம், கீழே ஆங்கிலத்துக்குக் காலி இடம். நான் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்த பிறகு இடது மூலையில் தமிழிலும் எழுதுகிறாள்.

"உங்களுக்குத்தாம்பா. வர்றப்போ போறப்போ படிச்சுப் பழகுங்க."

படிக்கிறேன். தெசொரெய்ரு. மெஸ்த்ரெ இஷ்கோலா. விகாரியு த வாரா. நாக்கு நன்றாகச் சுளுக்கிக்கொள்கிறது. மாப்பிள்ளை மருந்துக்கடையிலிருந்து வந்து கேட்கிறார்: "யாருக்கு மாமா பேய் ஓட்டுறீங்க?"

ஜூன் 7, சனி

இன்று வகுப்பில் அகர வரிசை. டீச்சர் ஒரு கட்டுச் சொற்களைக் கொடுத்து, அகராதியில் வருவதுபோல் அடுக்கச் சொன்னார். நான்தான் முதலில் முடித்தேன். பழைய காவலாளி, மீசை என்று கூப்பிடுவோம், என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பெருசு, நீ லிஃப்ட்ல வந்துட்ட. நாங்க இன்னும் படியில ஏறிக்கிட்டிருக்கோம்" என்றான்.

லிஃப்ட் ஓட்டியவன்தானே நான். எண் தெரியும், எழுத்து தெரியாது. "வக்கீல் ஆபீஸ் எந்த மாடி?" என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஒரு பொத்தானை அழுத்துவேன். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள், போன ஆள் இறங்கி வருவதற்குள் நான் வேறு ஆளோடு மேலே போயிருப்பேன். தெரியாது என்று மட்டும் சொன்னதில்லை. சொன்னால், "அதான் பக்கத்துல பலகையில எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று அடுத்த கேள்வி வரும்.

அகர வரிசை எவ்வளவு பெரிய விஷயம்! எந்தச் சொல்லுக்கும் ஓர் இடம் இருக்கிறது. யாரும் யாரையும் இடிக்காமல் நிற்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

மகள் வேலையாக வெளியூர் போயிருக்கிறாள். சனிக்கிழமை வருவாள். மாப்பிள்ளை கடையில்.

காலையில் மேசையைப் பார்த்தேன். விகாரியு த வாராவுக்குப் பக்கத்தில் கோனெகு. அதற்குப் பக்கத்தில் ஷாந்த்ரெ. பிறகு மறுபடி ஒரு கோனெகு. தலைகால் இல்லாமல் கிடக்கின்றன. பாவம், ஓடி ஓடி வேலை செய்கிறவள், அடுக்க எங்கே நேரம்? இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான் ஒருவன்தான்.

அடுக்கிவிட்டேன். மதியம் சாப்பிடவும் மறந்துபோனது. இ எல்லாம் ஒரு கட்டு, க எல்லாம் ஒரு கட்டு, ச, த, ப, ம, வ, ஷ. ஒவ்வொரு கட்டுக்கும் நூல் சுற்றினேன். மேசையைத் துடைத்தேன். மேசையின் நிறமே மறந்துபோயிருந்தது.

மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். மனிதருக்குப் பேச்சே வரவில்லை!

ஜூன் 14, சனி

மகள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் மேசையைப் பார்த்தாள். ஒரு கட்டை எடுத்து நூலைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நீங்களேவாப்பா அடுக்குனீங்க?"

"நானேதான். யாரும் ஒத்தாசை பண்ணல."

"ஒரு தப்புகூட இல்லப்பா."

குளியலறைக்குப் போனாள். ரொம்ப நேரம் குழாய் ஓடியது. பயணக் களைப்பு. மேசையில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டோம். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

இன்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஆங்கிலப் புத்தகத்துக்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன் என்று. டீச்சர் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை என்னை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். தெருமுனை தாண்டியதும் சொன்னார். "மாமா, நான் சொன்னேன்னு அவகிட்ட காட்டிக்காதீங்க. அவ சொல்ல வேணாம்னுட்டா. ஆனா நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்க, அதான்."

அந்தக் காலத்து ஆட்கள் எந்தப் பதவி என்னவென்று எங்கும் எழுதி வைக்கவில்லையாம். ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரியவர் முதலில், சின்னவர் கடைசியில். தெசொரெய்ரு என்பது ஒரே பெயர்தான். ஆனால் பெரிய கோயிலில் அவர் தலைமைக் குருவுக்கு அடுத்த நாற்காலியில் உட்காரும் மனிதர். சின்னக் கோயிலில், மெழுகுவர்த்தியும் கிண்ணமும் எடுத்து வைக்கிற ஆள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு பெயர் போட வேண்டும். எவர் எது என்று எப்படித் தெரியும்? யாருக்குக் கீழே, யாருக்கு மேலே கையெழுத்துப் போட்டார் என்பதை வைத்துத்தான். மகள் மேசையில் பரப்பியிருந்தது அந்த வரிசை.

"பழைய காகிதத்த மறுபடி பாத்து அடுக்கலாமில்ல?"

"அத பழுதுபாக்க அனுப்பிட்டாங்க மாமா. எப்ப வரும்னே தெரியாது. போட்டோ எடுக்கவும் விடல."

"சீட்டுல நம்பர் போட்டிருக்கலாமே…"

"கடைசியில போடலாம்னு இருந்தா. நடுவுல நடுவுல புதுசா வந்துக்கிட்டே இருந்துச்சே."

அவளுடைய தப்பைத் தேடுகிறேனா நான்?

லிஃப்ட்காரனுக்குத் தெரியாதா இது? மாடிகளை அகர வரிசையில் அடுக்கினால் ஆறாவது மாடி தரையில் நிற்கும். மூன்றாவது மாடி உச்சியில் போய் உட்காரும். நடுவில் எட்டுக்கு மேலே ஏழு. அந்தக் கட்டடத்தில் எவன் குடியிருப்பான்? அதைத்தான் கட்டி, நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

"ஒரு தப்புகூட இல்லப்பா" என்றாளே. எப்படிச் சொன்னாள்?

ஜூன் 17, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. கால்வலி என்று சொன்னேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

புத்தக வேலையைப் பார்க்கும் ஃபாதர் போன் செய்தார். மகள் பால்கனியில் நின்று பேசினாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காது இருக்கிறது, என்ன செய்ய?

"சீட்டு கலைஞ்சுபோச்சு ஃபாதர்… இல்ல ஃபாதர், வேற யாரும் இல்ல, என் கவனக்குறைவுதான்… தெரியுது ஃபாதர். இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுறேன்."

பிறகு நிறைய நேரம் "ம்… ம்…" மட்டும். திட்டு வாங்குகிறவர்கள் போடும் "ம்". லிஃப்டில் அந்த "ம்" நான் நிறையப் போட்டிருக்கிறேன்.

என் சட்டையைத் தப்பாக மடித்து, பிரித்து, மறுபடி தப்பாக மடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

மகள் தரையில் சீட்டுகளைப் பரப்பி, ஞாபகத்திலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் நின்றுவிட்டது. ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறந்தபோது எதிரில் நான்.

"அப்பா, நீங்க தினம் படிச்சுக்கிட்டே போவீங்களே. இந்தத் தெசொரெய்ரு யார் பக்கத்துல இருந்தார்னு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அந்த முகம். கடலில் விழுந்தவள் துரும்பைப் பார்க்கிற முகம். துரும்பு நான்.

"இருக்கே" என்றேன். "தெயாவ்ன்னு ஒண்ணு இருக்குமே, அதுக்கு அடுத்தது."

"நிச்சயமாவா?"

"கண்ணுக்குள்ள நிக்குதும்மா."

ஒன்றும் நிற்கவில்லை. கையில் பொத்தான்கள் இருந்தன, ஒன்றை அழுத்தினேன்.

அவள் அடுத்ததைக் கேட்டாள். அதற்கும் சொன்னேன். கேட்கக் கேட்கச் சொன்னேன். நடுவில் ஒன்றிரண்டுக்குத் தலையைச் சொறிந்து, "இரும்மா, யோசிக்கிறேன்" என்றுகூட நடித்தேன். யோசித்துச் சொன்னால்தானே நம்புவாள்! எங்கிருந்து வந்தது இந்தச் சாமர்த்தியம்?

எல்லாம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லன்னா என்னப்பா பண்ணியிருப்பேன்."

நான் மட்டும் இல்லை என்றால் ஒன்றுமே பண்ண வேண்டியிருந்திருக்காது.

ஜூன் 24, செவ்வாய்

மகள் சிரிக்கிறாள். பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். எனக்குக் காபியில் சர்க்கரை கூடப் போடுகிறாள், டாக்டர் வேண்டாம் என்றாலும். நன்றாகத்தான் இருக்கிறது காபி. குடிக்கவும் குடிக்கிறேன், வெட்கமில்லாமல்.

ஜூலை 1, செவ்வாய்

வேலையை முடித்து ஃபாதரிடம் கொடுத்துவிட்டாள். "சரிபார்த்தது" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாளாம்.

அந்தத் தெசொரெய்ரு என்ன ஆனார் என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"தெயாவ்னா தலைமைக் குரு. நீங்க சொன்ன மாதிரி அவருக்கு அடுத்த எடம்னா பெரிய பதவிக்காரர்தாம்பா. அப்படியே போட்டுட்டேன். உங்க மாப்பிள்ள சின்ன ஆளா இருக்கும்னு சொன்னாரு. நான்தான், அப்பா கண்ணால பாத்திருக்காருன்னு சொல்லிட்டேன்."

செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன மனிதர். வழக்குப் போட என்னிடம் வரமாட்டார். பதவி கூடியதற்குச் சந்தோஷம்தான் படுவார். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒருவரை மேலே ஏற்றினால் இன்னொருவரைக் கீழே இறக்கியாக வேண்டுமே. நிஜமாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரோ? அவர் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டேனோ?

அவர்களை விடு. கையெழுத்து என் மகளுடையது.

ஜூலை 5, சனி

வகுப்புக்குப் போனேன். டீச்சர், "ஐயா, வருஷக் கடைசியில நீங்கதான் மேடையில பேசணும். படிச்சது எப்படி உதவுச்சுன்னு" என்றார். மீசை, "லிஃப்ட் மேலேயே போய்க்கிட்டிருக்கு, கூரைய ஒடச்சிடப்போவுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 14, திங்கள்

அச்சகத்திலிருந்து சரிபார்க்கும் தாள்கள் வந்தன. மகள் முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை என் மடியில் வைத்தாள். ஆங்கிலம். ஒரு வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினாள்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்?"

"உங்க பேருப்பா. நன்றி சொல்லியிருக்கேன். கலைஞ்ச வரிசையத் தன் ஞாபகத்தாலேயே மீட்டுக் குடுத்த என் அப்பாவுக்குன்னு."

என் பெயர். அச்சில். கறுப்பாக, கூர்மையாக, அழியாமல். எனக்கு வந்த காகிதத்தில் எல்லாம் கட்டைவிரல் உருட்டியவன் நான். அந்த வரியைத் தொட்டுப் பார்த்தேன். தேய்த்தால் போகிறதா என்று.

போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை கடைக்குப் போன பிறகு, அவள் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பேர எடுத்துடு."

"ஏம்பா? எழுத்து தப்பா இருக்கா?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"எது?"

"நீ கேட்டியே, யார் பக்கத்துல யாருன்னு. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்."

பேனாவை மூடினாள். "எல்லாமேவா?"

அப்போதும் பார், நாக்கு என்ன செய்தது – "ஒண்ணு ரெண்டு மட்டும் கொஞ்சம் ஞாபகம்…" என்று ஆரம்பித்தது. நானே கடித்துக்கொண்டேன். "எல்லாமே" என்றேன்.

அவள் கத்தி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"சீட்ட அடுக்குனதுக்கு ஒரு வார்த்தை சொன்னேனா? சொன்னேனாப்பா? அது ஆசையில செஞ்சது. இது என்னது?"

"நீ மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டு இருந்தியேம்மா. பாக்க முடியல."

"என் மூஞ்சிக்காகப் பொய் சொல்வீங்களா? கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்! வாய்க்கு வந்தத அச்சடிக்கவா இத்தன வருஷம் இந்த மொழியப் படிச்சேன்? தெரியாதுன்னு ஒரு வார்த்தை, அதச் சொல்ல என்னப்பா கஷ்டம் உங்களுக்கு?"

என்ன கஷ்டம்? எனக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குள் மீன் முள் மாதிரி நிற்கும் அந்த வார்த்தை. விழுங்கி விழுங்கியே பழகிவிட்டது. அப்போதாவது, "தெரியலம்மா" என்று அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஃபாதரைப் பார்க்கப் போய்விட்டாள். "நானும் வரட்டுமா?" என்றேன். "வேணாம்" என்றாள்.

ஜூலை 16, புதன்

தட்டை என் முன்னால் வைத்தாள். காபியில் சர்க்கரை அளவாக இருந்தது.

ஜூலை 28, திங்கள்

மாப்பிள்ளை வழியாகத்தான் எனக்குச் செய்தி வருகிறது. ஃபாதர் ரொம்பக் கோபப்பட்டாராம். "அச்சு ஓடப்போற நேரத்துல இப்படி ஓட்ட ஓட்டையா குடுத்தா எப்படி?" ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அவர், "எல்லாருக்கும் ஃபாதர்னு போட்டுட்டுப் போங்க, யாரு பாக்கப்போறா?" என்றாராம்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்ததை ஆங்கிலத்தில் போட்டு, தெரியாததைப் போர்த்துகீசியத்திலேயே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தன் வேலை மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள் என்று நின்றிருக்கிறாள். கடைசியில் ஃபாதர் இறங்கி வந்தார். ஆனால் அட்டையில் பேராசிரியர் பெயர் வரும். மகளின் பெயர் உள்ளே, சின்ன எழுத்தில்.

"சின்ன எழுத்துலன்னா எவ்வளவு சின்னது?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் அடியில் இருப்பதுபோல. கண்ணாடி போட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

செப்டம்பர் 6, சனி

புத்தக வெளியீடு. என்னைக் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். "சட்டை தேச்சு வச்சிருக்கேன்" என்றாள் காலையில். அவ்வளவுதான். டீச்சர் வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசி வரிசையில் மீசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேராசிரியர் மேடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். "புத்தகம் நல்லா வந்திருக்கு. ஆனா அங்கங்க போர்த்துகீசியம் அப்படியே நிக்குது. நம்ம மொழிபெயர்ப்பாளருக்கு இங்கிலீஷ் தீந்துபோச்சு போலிருக்கு!"

மண்டபமே சிரித்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

மகள் எழுந்தாள். மைக் இல்லை. "தீரல சார். அவங்க என்ன பதவியில இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததால அப்படியே விட்டிருக்கேன். காகிதம் திரும்பி வந்தா பாத்துச் சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால், படித்தவர்கள் முன்னால், தெரியாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கூரை இடிந்து விழவில்லை. யாரும் அவளைப் பார்த்து, "படிக்கத் தெரியாதா?" என்று கேட்கவில்லை.

மீசை என் காதருகே வந்தான். "என்ன பெருசு, உன் பொண்ணு இப்படிப் பொசுக்குன்னு சொல்லிடுச்சு? நீதான் எல்லாம் அடுக்கிக் குடுத்தேன்னியே?"

"நான் அடுக்குனதாலதான்யா தெரியாமப் போச்சு" என்றேன். மெதுவாக முழுக் கதையையும் சொன்னேன். பொய் சொன்னதையும்.

மீசை நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான். "இதுக்கா எங்களையெல்லாம் கை தட்ட வச்ச?"

"ஆமா."

"தட்டுன கையக் குடுய்யா திருப்பி" என்றான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் சிரித்தது தேவலையாக இருந்தது.

திரும்பும்போது டீச்சரிடம் சொன்னேன், வருஷக் கடைசியில் மேடையில் பேச வேறு யாரையாவது பாருங்கள் என்று. "ஏன் ஐயா?" என்றார். ஏன் என்றும் சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேசை மறுபடி மகளிடம் போய்விட்டது. வேறொரு கோயிலின் பழைய கணக்கு. இந்தத் தடவை போட்டோ எடுக்க விட்டார்கள், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தட்டு மறுபடி எங்கள் மடிக்கு வந்துவிட்டது. சீட்டின் மூலையில் தமிழ் இருக்கிறது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படிக்கிறேன்.

பிற்பகல் நான் ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்து மூன்று சீட்டுகளைத் தரையில் தள்ளிவிட்டது. தொடாமல் நின்றேன். மகளைக் கூப்பிட்டேன்.

"எது எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களாப்பா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ரெண்டு தெரியும். இன்னொண்ணு தெரியலம்மா."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்ன இரண்டையும் நான் சொன்ன இடத்தில் வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள். மூன்றாவதை மட்டும் தேடிப் பார்த்தாள்.